இலையைப் பார்த்தே கழித்த நாற்றுகள்: ஒரு தக்காளிக் கலப்பின் பதிவு

தாய்ச்செடி ஓயாமல் வளர்ந்துகொண்டே போகும் வகை. பழம் சராசரி 240 கிராம், இளஞ்சிவப்பு நிறம், அருமையான சுவை. ஆனால் ஆளுயரக் குச்சி நட வேண்டும், வாராவாரம் கட்ட வேண்டும், பக்கக்கிளைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தந்தைச்செடி இடுப்பளவில் தானாகவே நின்றுவிடும். பழம் 60 கிராம், கெட்டியான சிவப்பு, சுவை சுமார். முன்னதன் பழம் பின்னதன் செடியில் காய்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலப்பின் நோக்கம். இன்னும் முடியவில்லை, நான்காம் தலைமுறை விதை வரை வந்திருக்கிறது. வழியில் பயன்படுத்திய தேர்வு முறைகளையும், எதை எந்தக் கட்டத்தில் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். விதையைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ள எவரும் இதைச் செய்து பார்க்கலாம். ஆய்வகம் வேண்டாம், பொறுமையும் ஒரு நோட்டும் வேண்டும்.

எதைத் தாயாக வைப்பது என்பதை முடிவு செய்தது இலைதான். பெரிய பழ வகைக்கு உருளைக்கிழங்கு இலை: சிற்றிலைகள் குறைவு, விளிம்பில் பல் வெட்டுகள் இல்லாமல் அகலமாக இருக்கும். இது ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அதன் மரபணுவை ‘சி’ என்பார்கள். சாதாரண வெட்டு இலை ஓங்கு பண்பு, ஒரு பக்கமிருந்து வந்தாலே தெரியும். உருளை இலைச் செடியைத் தாயாக்கி, வெட்டு இலைச் செடியின் மகரந்தத்தைத் தடவினால், கலப்பு பிடித்த விதை வெட்டு இலை நாற்றாகத்தான் முளைக்கும். தப்பித்தவறித் தன் மகரந்தத்தாலேயே பிடித்த விதை உருளை இலையோடு முளைத்து நான்காம் ஐந்தாம் இலையிலேயே தெரிந்துவிடும். எதிர்த்திசையில் கலந்தால் இந்த வசதி கிடையாது.

மொட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. மறுநாள் விரியப்போகும் மொட்டு வேண்டும். புல்லி இதழ்கள் சற்றே பிரிந்து, உள்ளே அல்லி இதழ் பச்சை கலந்த வெளிர்மஞ்சளாகத் தெரியும். நல்ல மஞ்சளுக்கு வந்துவிட்டால் மகரந்தப்பை வெடித்திருக்கக் கூடும், அதைத் தொடக் கூடாது. மெல்லிய இடுக்கியால் மகரந்தப்பைக் கூம்பின் அடியில் பக்கவாட்டில் கீறிப் பிடித்து இழுத்தால் அல்லி இதழ்களோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். நடுவில் சூலகத்தண்டு ஒரு பச்சை ஊசியாக நிற்கும். அது வளைந்தாலோ நசுங்கினாலோ அந்தப் பூவை விட்டுவிட வேண்டியதுதான். மறுநாள் காலை, முழுதாக விரிந்த தந்தைப் பூவின் கூம்பைப் பிளந்து, கருநிறக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டினால் வெள்ளைத் தூள் விழும். அதில் சூலகமுடியைத் தோய்த்தால் போதும். பிறகு இரண்டு புல்லி இதழ்களை நறுக்கிவிடுவேன். பழம் பழுக்கும்போது நூல் அறுந்து லேபிள் தொலைந்தாலும் குட்டைப் புல்லி காட்டிக்கொடுக்கும். கொத்தில் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். வெயில் கடுமையான நாட்களில் மகரந்தம் வலுவிழக்கும், அந்த நாட்களில் கலப்பு வேலையே வைத்துக்கொள்வதில்லை.

முதல் தலைமுறை நாற்றுகள் எல்லாமே வெட்டு இலை. எல்லாம் நெட்டை, எல்லாம் சிவப்புப் பழம். நான் விரும்பிய ஒடுங்கு பண்புகள் அத்தனையும் உள்ளே மறைந்திருந்தன. பழ எடை 115 கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. இரு பெற்றோரின் கூட்டுச் சராசரி 150, பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது) 120. தக்காளியில் பழ எடையை ஆளும் மரபணுக்கள் கூட்டலைவிடப் பெருக்கலை ஒட்டி வேலை செய்யும், அதனால் கலப்பினப் பழம் சிறியதன் பக்கம் சாயும். பழ எடைக் கணக்கு எதையும் மடக்கை எடுத்துவிட்டுச் செய்வது இதனால்தான்.

குழித்தட்டில் முதல் தேர்வு

இரண்டாம் தலைமுறையில்தான் பண்புகள் பிரிகின்றன. எத்தனை செடி நட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நான்கில் ஒன்றாக வரும் ஒடுங்கு பண்பு ஒன்றை 95 சதவீத உறுதியோடு ஒரு செடியிலாவது பார்க்க 11 செடிகள் வேண்டும். இரண்டு பண்புகள் சேர்ந்து வர, அதாவது 16-இல் ஒன்றுக்கு, 47. மூன்று என்றால், 64-இல் ஒன்றுக்கு, 191. இது குறைந்தபட்சம் ஒரு செடி கிடைப்பதற்கான கணக்கு மட்டுமே. அவற்றுக்குள் நல்லது கெட்டது பார்க்க வேண்டுமானால் பல மடங்கு வேண்டும். நிலமோ கையளவு.

இங்கேதான் இலை இரண்டாம் முறையாக உதவியது. செடி தானாக நின்றுவிடும் குணம் ‘எஸ்பி’ என்ற ஒடுங்கு மரபணுவால் வருவது. 1914-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தானாகத் தோன்றிய சடுதிமாற்றம் அது. ஆலைக்கு அனுப்பும் தக்காளி வகைகளின் செடியமைப்புக்கே அதுதான் அடிப்படை. இந்த எஸ்பியும் உருளை இலை தரும் சியும் ஆறாவது குரோமோசோமில் மிக நெருங்கி அமர்ந்திருக்கின்றன. என் தாய்ச்செடியில் அந்தத் துண்டு ‘உருளை இலை, நெட்டை’ என்றும், தந்தையில் ‘வெட்டு இலை, குட்டை’ என்றும் இருக்கிறது. நெருங்கிய மரபணுக்கள் பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆக, இரண்டாம் தலைமுறையில் உருளை இலை காட்டும் நாற்று, தாயின் துண்டை இரு பக்கமும் வாங்கிய நாற்று. அது ஏறக்குறைய நிச்சயமாக நெட்டை, அதுவும் குட்டைக் குணம் உள்ளே மறைந்துகூட இல்லாத நெட்டை. எனக்கு அது வேண்டாம்.

131 நாற்றுகள் முளைத்தன. 33 உருளை இலை, 98 வெட்டு இலை. நான்கில் ஒன்று என்ற எதிர்பார்ப்புக்கு இதைவிட அருகில் வர முடியாது. வெட்டு இலையில் 96-ஐ நிலத்துக்குக் கொண்டுபோனேன். தட்டிலேயே கால்வாசியைக் கழித்துவிட்டதால், நான்கில் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய குட்டை, நட்ட செடிகளில் மூன்றில் ஒன்றாக உயர்ந்தது. அதாவது அதே நிலத்தில் 24-க்குப் பதில் 32 குட்டைச் செடிகளை எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்தது 32, வந்தது 29.

குறியீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றதும் டி.என்.ஏ. ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1923-லேயே மரபியலாளர் கார்ல் சாக்ஸ் பீன்ஸ் விதைத்தோலின் நிறத்துக்கும் விதையின் எடைக்கும் உள்ள பிணைப்பைக் காட்டிவிட்டார். கண்ணுக்குத் தெரியும் எளிய பண்பு ஒன்று, கண்ணுக்கு எளிதில் பிடிபடாத இன்னொன்றின் பக்கத்தில் குடியிருந்தால் அதுவே குறியீடு. இன்றைய டி.என்.ஏ. குறியீடுகள் எல்லாம் இதே எண்ணத்தின் விரிவு. அவை எல்லா குரோமோசோமிலும், எல்லாச் செடியிலும் கிடைக்கும் என்பதுதான் வித்தியாசம்.

கழித்த உருளை இலை நாற்றுகளை வீணாக்கவில்லை. ஓரத்தில் நிற்கும் செடிக்கு வெளிச்சமும் வேரிடமும் கூடுதலாகக் கிடைத்து அது அதிகம் காய்க்கும். ஆகவே சோதனைச் செடிகளின் இரு நீள ஓரங்களிலும் காவல் வரிசை தேவை. அதற்கு 24 உருளை இலை நாற்றுகளை நட்டேன். 24-ம் நெட்டையாகவே வளர்ந்தன. பிணைப்பு இல்லாமலிருந்தால் இப்படி நடக்க வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. காவல் வரிசையே பிணைப்புக்கான சோதனையாகவும் ஆனதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

குட்டையா நெட்டையா என்பதை உயரத்தை வைத்துச் சொல்லக் கூடாது. நீர் குறைந்த மூலையில் நெட்டையும் குட்டையாகத்தான் தெரியும். கணுவை எண்ண வேண்டும். ஓயாமல் வளரும் செடியில் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று இலை, மறுபடி மூன்று இலை என்று போய்க்கொண்டே இருக்கும். எஸ்பி செடியில் மேலே போகப்போக அது இரண்டாகும், ஒன்றாகும், கடைசியில் இலையே இல்லாமல் கொத்தோடு கொத்து சேர்ந்து நுனி முடிந்துவிடும். இந்த எண்ணிக்கை மண்ணைப் பொறுத்து மாறாது.

பழத்தின் இளஞ்சிவப்புக்கும் அப்படி ஒரு நேரடிச் சோதனை உண்டு. இளஞ்சிவப்பும் சிவப்பும் சதையில் ஒன்றுதான், தோல்தான் வேறு. பழத்தைக் கொதிநீரில் முக்கி எடுத்து, தோலை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிவப்புப் பழத்தின் தோல் தேன் மஞ்சளாகத் தெரியும், இளஞ்சிவப்பினுடையது நிறமே இல்லாமல் இருக்கும். முதல் குரோமோசோமில் உள்ள ‘ஒய்’ மரபணுவின் ஒடுங்கு வடிவம் அந்த மஞ்சள் நிறமியைத் தோலில் சேரவிடுவதில்லை. 29 குட்டைச் செடிகளில் எட்டில் தோல் நிறமற்று இருந்தது.

ஒடுங்கு பண்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கண்ணில் பட்டுவிட்டால் அது நிலைத்துவிட்டது, இனிப் பிரியாது. ஓங்கு பண்பு அப்படியல்ல. காயின் தோளில் அடர்பச்சை படர்ந்திருப்பது ஓங்கு பண்பு, சீராக வெளிர்பச்சையாக இருப்பது ஒடுங்கு. சீராகப் பழுக்கும் பழம் பார்வைக்கு அழகு என்று பல பத்தாண்டுகளாகச் சீரானதையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். பச்சைத் தோளைத் தருவது காயில் பசுங்கணிகங்களை, அதாவது பச்சையம் தாங்கும் நுண்ணுறுப்புகளை, வளர்க்கும் மரபணு என்றும், அது பழுதானால் பழத்தில் சர்க்கரை குறைகிறது என்றும் 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தோற்றத்துக்காகச் செய்த தேர்வு சுவையையும் சேர்த்துக் கழித்திருக்கிறது. இந்தக் கலப்பில் பச்சைத் தோளை விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுதான் காரணம். எட்டில் ஐந்து செடிகளில் பச்சைத் தோள் இருந்தது. ஆனால் அந்த ஐந்தில் எது தூய்மையானது, எது சீரான நிறத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது என்பதை அடுத்த தலைமுறைதான் சொல்லும்.

இதுவரை சொன்னவை ஒற்றை மரபணுப் பண்புகள். பழ எடையும் விளைச்சலும் வேறு உலகம். பழ எடையில் பெரும் பங்குள்ள ஒரு மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருப்பது 2000-இல் பிரித்தெடுத்துக் காட்டப்பட்டது. பழத்தின் அறைகளைக் கூட்டும் மரபணுக்கள் வேறு உண்டு. பழத்தைக் குறுக்கே வெட்டி அறையை எண்ணினாலே ஓரளவு தெரியும். தந்தையில் இரண்டு மூன்று, தாயில் எட்டுக்குக் குறையாது. இவற்றோடு சிறு பங்கு வகிக்கும் இன்னும் பல மரபணுக்களும், மண்ணும், நீரும்.

மண்ணின் பங்கைப் பிரித்தறிய 96 செடிகளை ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தாய், தந்தை, முதல் தலைமுறைச் செடி ஒவ்வொன்றை இடையே நட்டிருந்தேன். இம்மூன்றில் ஒவ்வொரு வகையின் ஆறு செடிகளும் தமக்குள் மரபில் ஒரே மாதிரியானவை. ஆகவே தாய்ச்செடிகளுக்குள் தெரியும் ஏற்ற இறக்கம் முழுக்க மண்ணும் நீரும் செய்தது. இரண்டாம் தலைமுறையின் மொத்த மாறுபாட்டிலிருந்து இம்மூன்றின் சராசரி மாறுபாட்டைக் கழித்து, மீதியை மொத்தத்தால் வகுத்தால் மரபுவழித் திறன் கிடைக்கும், அதாவது செடிகளுக்குள் தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு. ஆறாறு செடிகளில் கிடைக்கும் எண் தோராயமானதுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிதாக இருந்தது. பழ எடைக்கு 0.7 அளவில். குட்டைச் செடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு செடியின் மொத்த விளைச்சலுக்கு 0.25 அளவில்.

இதன் பொருளை எண்ணிலேயே சொல்லிவிடலாம். சராசரியைவிட 800 கிராம் கூடுதலாகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்தால், அதன் பிள்ளைகளில் எதிர்பார்க்கக் கூடிய கூடுதல் அதிகம் போனால் 200 கிராம். உண்மையில் அதற்கும் கீழே, ஏனென்றால் இந்த எண்ணுக்குள் ஓங்கு விளைவும் அடங்கியிருக்கிறது, அது அப்படியே விதைக்குள் போவதில்லை. தேர்வின் பலன் என்பது தேர்ந்த செடியின் மேன்மையை மரபுவழித் திறனால் பெருக்கியது. பயிர்ப் பெருக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சமன்பாடு இது. எங்கே கண்ணை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

ஆகவே ஐந்து செடிகளையும் வைத்துக்கொண்டேன், விளைச்சலை வைத்து ஒன்றையும் கழிக்கவில்லை. குறித்து மட்டும் வைத்தேன், அதுவும் அந்தந்தக் கட்டத்தின் சராசரியோடு ஒப்பிட்டு. 1961-இல் பயிர்ப் பெருக்க ஆய்வாளர் கார்ட்னர் மக்காச்சோளத்தில் கூட்டுத் தேர்வுக்கு, அதாவது நல்ல செடிகளைப் பொறுக்கி விதையை ஒன்றாகச் சேர்க்கும் தேர்வுக்கு, கொண்டுவந்த முறை இது. முழு வயலிலும் சிறந்த செடிகளைப் பொறுக்கினால் உரமான மூலையில் நின்றவைதான் கிடைக்கும். வயலைக் கட்டமாக்கி ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்ததை எடுத்தால் மண்ணின் சலுகை ஓரளவு நீங்கும்.

குடும்ப வரிசைகள்

மூன்றாம் தலைமுறையில் ஐந்து செடிகளின் விதையையும் தனித்தனிக் குடும்பமாக நட்டேன், குடும்பத்துக்கு 12 செடி, இரண்டு இடங்களில் ஆறாறாக. பச்சைத் தோளுக்கு 12 போதும். அந்தக் குடும்பத்தின் தாய் கலப்பாக இருந்தால் பிள்ளைகளில் கால்வாசி சீரான நிறம் காட்ட வேண்டும். பன்னிரண்டிலும் ஒன்றுகூடக் காட்டாமல் தப்ப வாய்ப்பு 3 சதவீதம்தான். இரண்டு குடும்பங்களில் ஒரு சீரான காயும் இல்லை.

விளைச்சலில் இரண்டாம் தலைமுறையின் முதலிடக்காரி எண் 63, குடும்பமாக நட்டபோது மூன்றாமிடம். பக்கத்துச் செடி வாடல் நோயில் செத்து இடம் காலியானது நோட்டில் இருக்கிறது, அந்த இடத்தின் வெளிச்சத்தையும் நீரையும் குடித்துத்தான் 63 அப்படிக் காய்த்தது. அன்று சுமாராகக் காய்த்த எண் 41-இன் குடும்பம் இரு இடத்திலும் முதலாவது. பச்சைத் தோள் தூய்மையாக இருந்த இரண்டில் அதுவும் ஒன்று. பன்னிரண்டு செடிகளின் சராசரியில் மண்ணின் மேடுபள்ளம் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால் குடும்பச் சராசரியை நம்பலாம். மேலும் இந்தத் தலைமுறையில் குடும்பங்களுக்கு இடையே உள்ள கூட்டு மரபு மாறுபாடு (விதைவழி அப்படியே கடத்தப்படும் பகுதி), ஒரு குடும்பத்துக்குள் உள்ளதைப் போல இரு மடங்கு. முதலில் குடும்பம், பிறகு அதற்குள் செடி என்ற வம்சாவளித் தேர்வின் வரிசைக்குக் காரணம் இதுதான்.

இந்த வேலை எங்கே நிற்க வேண்டும் என்பதை தாவரவியலாளர் யோஹான்சன் 1903-லேயே பீன்ஸில் காட்டிவிட்டார். தூய வரிசை ஒன்றில், அதாவது மரபில் ஒரே மாதிரியான செடிகளின் வழியில், பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி ஒன்றாகவே வந்தது. மரபு வேறுபாடு தீர்ந்த இடத்தில் தேர்வுக்கு வேலை இல்லை. தன்மகரந்தப் பயிரில் கலப்புநிலை, அதாவது ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்கள் ஒரே செடியில் இருப்பது, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும்: இரண்டாவதில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5, ஆறாவதில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆறாவதுக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்குள் நின்று பொறுக்குவதில் பெரிய பலன் இருக்காது.

மற்ற 24 குட்டைச் செடிகளை ஒற்றை விதை வழியில் கொண்டுபோகிறேன். செடிக்கு ஒரு விதை, தேர்வு எதுவும் இல்லை, சின்னத் தொட்டியில் முதல் கொத்தில் ஒரு பழம் பழுத்தால் போதும். பயிர்ப் பெருக்க ஆய்வாளர்களான கோல்டன் 1939-இல் முன்மொழிந்து, பிரிம் 1966-இல் சோயாவில் விரிவாக எடுத்துச் சொன்ன முறை. இடமும் காலமும் மிச்சம். வேறுபாட்டை இழக்காமல் ஆறாம் தலைமுறைக்குப் போய், விளைச்சல் சோதனையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு விதைக்காக, முன் சொன்ன ஐந்தையும் சேர்த்து 29 செடிகளின் விதையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு குழித்தட்டில் முளைக்கவைத்தேன். காரணம் இலை. எஸ்பியும் சியும் நெருங்கியிருந்தாலும் எப்போதாவது நடுவில் குறுக்கேற்றம் (ஜோடி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்து ‘உருளை இலை, குட்டை’ என்ற புதுத் துண்டு உருவாகும். நூறில் இரண்டு மகரந்தத்திலோ சூலிலோ குறுக்கேற்றம் நடக்கிறது, அதில் பாதி, நூறில் ஒன்று, இந்தத் துண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறையிலேயே அந்தச் செடியைப் பார்க்க வேண்டுமானால் இரு பக்கமும் அந்தத் துண்டு வந்து சேர வேண்டும், பத்தாயிரத்தில் ஒரு செடி. ஆனால் குட்டைச் செடிகளில் ஒரு பக்கம் மட்டும் அதைச் சுமப்பவை நூறில் நான்கு இருக்கும். வெளியே தெரியாது, பிள்ளைகளில் கால்வாசியாக வெளிப்படும். தட்டுகளில் 28 குடும்பங்களும் ஒட்டுமொத்தமாக வெட்டு இலை. எண் 17-இல் மட்டும் பன்னிரண்டில் மூன்று உருளை இலை. விதை கலந்துவிட்டதா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். தாய்வகை விதை கலந்திருந்தால் அவை நெட்டையாக வளர வேண்டும். மூன்றையும் வளர்த்துக் கணு எண்ணினேன். மூன்றுமே கொத்தோடு கொத்து சேர்ந்து நுனி முடிந்தன.

அவற்றின் பழம் சிவப்பு, 80 கிராம், தனியாக எடுத்துப் பார்த்தால் சிறப்பு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த கலப்புக்கு இதைவிட நல்ல தாய் இல்லை. வெட்டு இலையும் பெரிய பழமும் உள்ள நெட்டை வகை ஒன்றோடு இதைக் கலந்தால், முதல் தலைமுறையில் வெட்டு இலை கலப்பு பிடித்ததைச் சொல்லும். இரண்டாம் தலைமுறைத் தட்டில் உருளை இலை நாற்றுகளைக் கழிப்பதற்குப் பதில் அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய அத்தனையும் குட்டையாக இருக்கும். நிலத்தில் நடும் 96-ம் வேண்டிய செடியமைப்போடு நிற்கும்போது, நிறத்துக்கும் எடைக்கும் சுவைக்கும் தேர்ந்தெடுக்க மூன்று மடங்கு செடிகள் கையில் இருக்கும்.

பழைய தாயோடு மறுபடி கலந்து பழ எடையை 240-க்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு இது உதவாது. இரண்டுமே உருளை இலை, எந்தக் குறியீடும் தெரியாது. அதற்கு எண் 41-இன் வெட்டு இலைக் குடும்பம்தான் தந்தை. அதன் நான்காம் தலைமுறை விதையை இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவி உலர்த்தியாயிற்று. தாய்ச்செடி முதல் கொத்து விடும் பருவத்தில் 41-ம் பூத்திருக்க வேண்டும். குட்டை வகை முந்திப் பூத்துவிடும் என்பதால், தாயை விதைத்து இரண்டு வாரம் கழித்துத்தான் 41-ஐ விதைக்கப் போகிறேன்.